சின்னார் அந்தியில் நான்கு பைனாகுலர்கள்

ஜனவரி 8, உடுமலை – சின்னார்

உடுமலையை விட்டுக் கிளம்பும்போதே வெயில் ஏறியிருந்தது. பேருந்து நிலையத்தை ஒட்டிய கடையில் இட்லியும் தேங்காய்ச் சட்னியும் நாற்பது ரூபாய். கேட்காமலேயே இரண்டாம் முறை சாம்பார் ஊற்றினார்கள். அமராவதி அணையைத் தாண்டியதும் சாலையின் இருபுறமும் முள்மரங்கள்தான். மூணாறு மலைகள் மழையைத் தடுத்துக்கொள்வதால் கேரள எல்லையில் இருக்கும் சின்னார் வனவிலங்குச் சரணாலயத்துக்கு ஆண்டில் ஏறத்தாழ ஐந்நூறு மில்லிமீட்டர் மழைதான் கிடைக்கிறது. கேரளம் என்று நினைத்து வருபவர்கள் முதலில் திகைப்பது இந்த வறட்சியைக் கண்டுதான். மங்கிய வெளிச்சத்தில் கருவிகளைச் சோதிக்க இதைவிடத் தோதான இடம் கிடையாது. இலை அடர்த்தி குறைவு, பார்வை தூரம் அதிகம், மாலையில் ஆற்றோரம் விலங்குகள் இறங்கும்.

பையில் நான்கு பைனாகுலர்கள்: 10×25 பாக்கெட் வகை, 8×42 ரூஃப், 10×42 ரூஃப், 7×50 போரோ. ரூஃப் என்றால் நேர்குழாய் வடிவம், போரோ என்றால் முன்லென்ஸ்கள் கண்லென்ஸ்களைவிட அகன்று நிற்கும் பழைய வடிவம். முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது, இரண்டாவது எண் முன்லென்ஸின் விட்டம் மில்லிமீட்டரில். இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் கிடைப்பது கண்பக்கம் வெளியே வரும் ஒளிவட்டத்தின் விட்டம். 10×25க்கு 2.5 மி.மீ., 10×42க்கு 4.2, 8×42க்கு 5.25, 7×50க்கு 7.1. அந்தியில் எது எவ்வளவு காட்டும் என்ற பேச்சு முழுவதும் இந்த வட்டத்தில்தான் தொடங்குகிறது. கையை நீட்டிப் பைனாகுலரை வெளிச்சமான சுவரை நோக்கிப் பிடித்தால் கண்லென்ஸில் அந்த வட்டம் தெரியும். அது முழு வட்டமாக இல்லாமல் ஓரம் சாம்பல் பூத்துச் சதுரம் போலத் தெரிந்தால், உள்ளே ஒளியைத் திருப்பிவிடும் பட்டகம் (பிரிசம்) மலிவான கண்ணாடி. நல்ல கண்ணாடிக்குக் கடைக்காரர்கள் பேக்-4 என்று பெயர் சொல்வார்கள்.

சோதனைச்சாவடியில் கேரள வனக்காவலர் ஒருவர் பையைத் திறந்து பார்த்தார். பிளாஸ்டிக் பாட்டில் இருக்கிறதா என்று தேடியவர், 7×50ஐக் கையில் எடுத்ததும் நின்றுவிட்டார்.

“ஏனுங்க, இது துப்பாக்கி மேல வெக்கிற கண்ணாடிங்களா?”

“இல்லீங்க. பைனாகுலர்தாங்க. கண்ணுல வெச்சுப் பாருங்க.”

எதிர்ச்சரிவைப் பார்த்துவிட்டு, “எங்க ஆபீஸ்ல குடுத்ததவிட இது பிரகாசமா இருக்கு, ஆனா கழுத்து போயிருமே” என்றார். எடை ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் மேல். அவர் சொன்னது சரிதான்.

துப்பாக்கிக் கண்ணாடி என்று அவர் கேட்டதில் வியப்பில்லை. மங்கிய வெளிச்சத்துக்கான கண்ணாடிக் கணக்கை விடாப்பிடியாக வளர்த்தவர்களில் நடு ஐரோப்பாவின் வேட்டைக்காரர்கள் முக்கியமானவர்கள். இரவில் பரண்மேல் காத்திருந்து காட்டுப்பன்றி சுடுபவர்களுக்காக ஜெர்மனியில் நிலைபெற்ற துப்பாக்கிக் கண்ணாடி அளவு 8×56. ஒளிவட்டம் சரியாக 7 மி.மீ. குழாயின் தடிமன் 30 மி.மீ. என்றால் வெளிச்சம் கூடும் என்று அங்கும் இங்கும் சொல்வார்கள்; கூடாது. தடித்த குழாய் குறுக்குக்கோட்டை நகர்த்தித் திருத்த அதிக இடம் தருகிறது, அவ்வளவே. இந்தியாவில் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அதன் 1991ஆம் ஆண்டுத் திருத்தமும் வந்த பிறகு பொழுதுபோக்கு வேட்டை என்ற பேச்சே இல்லை. ஆனால் மங்கிய வெளிச்சத்தில் அடிமரமா மிளா மானா என்று பிரித்தறியும் தேவை பறவை பார்ப்பவர்களுக்கும், கணக்கெடுப்பில் உதவுபவர்களுக்கும், தோட்டக் காவலுக்கும் அப்படியே இருக்கிறது. கண்ணாடியின் விதியும் அதேதான்.

மாலை மரவீட்டில் கஞ்சி, பயறு, காந்தாரி மிளகாய்த் துவையல். சமைத்த முதுவர் இன இளைஞர் காந்தாரியை நாங்கள் எத்தனை எடுத்துக்கொள்கிறோம் என்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே இருந்தார்.

ஜனவரி 9, சின்னார்

விடிகாலை ஆறு மணிக்குக் குளிர், எட்டு மணிக்கு வெக்கை. நடைவழியில் வனக்காவலர் முன்னால் போக, பாம்பாற்றங்கரை மரங்களில் நரை மலையணில்கள் கிளைக்குக் கிளை தாவிக்கொண்டிருந்தன. பகலில் நான்கு பைனாகுலர்களுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. பகல் வெளிச்சத்தில் கண்பாவை இரண்டு மூன்று மில்லிமீட்டருக்குச் சுருங்கிவிடுகிறது. 2.5 மி.மீ. ஒளிவட்டமே அதை நிரப்பிவிடும். கடையில் நண்பகலில் பார்த்துவிட்டு “இந்தச் சின்னதே போதும்” என்று வாங்குபவர்கள் மாலையில் ஏமாறுவது இதனால்தான். வாங்கும் கடைக்கு மாலை ஆறரை மணிக்குப் போய், தெருவின் இருட்டான மூலையைப் பார்ப்பது நல்லது.

மதியம் பகல்வேலையாக இருவிழிச் சரிசெய்தல். இதைச் செய்யாமல் அந்தியில் ஒப்பிடுவதில் பொருளே இல்லை. முதலில் இரு குழாய்களையும் மடக்கி விரித்து, இரண்டு வட்டமும் ஒன்றாகத் தெரியும் அளவுக்குக் கொண்டுவர வேண்டும். பிறகு வலது முன்லென்ஸை மூடியால் மறைத்து, இடது கண்ணால் நடுச்சக்கரத்தைத் திருகித் தொலைவில் ஒரு கிளையைக் கூர்மையாக்க வேண்டும். அடுத்து இடதை மறைத்து, நடுச்சக்கரத்தைத் தொடாமல், வலது கண்லென்ஸில் உள்ள வளையத்தால் அதே கிளையைக் கூர்மையாக்க வேண்டும். வளையம் நிற்கும் இடத்தில் ஒரு துளி வெள்ளை மையால் குறி வைத்துவிட்டால், யாராவது திருகிவிட்டாலும் திரும்பக் கொண்டுவரலாம். மூக்குக்கண்ணாடி அணிபவர்கள் கண்லென்ஸைச் சுற்றிய ரப்பர்க் கோப்பையை முழுக்க உள்ளே தள்ள வேண்டும். கண்லென்ஸிலிருந்து கண்ணுக்கு 16 மி.மீ.யாவது இடைவெளி தரும் கருவி இல்லையென்றால் அவர்களுக்கு ஓரம் வெட்டுப்பட்டே தெரியும்.

ஐந்தே காலுக்குக் காவல்பரணில் ஏறினோம். கீழே ஆறு, அக்கரையில் புல்திட்டு, அதன் பின்னால் முள்காடு. மேற்கு மலைக்குப் பின்னால் சூரியன் சீக்கிரமே மறைந்துவிட்டாலும் வானம் நெடுநேரம் வெளிச்சமாக இருந்தது. கணக்குப்படி இந்த அகலாங்கில் ஜனவரி நடுவில் சூரியன் மறைவது ஆறு மணி இருபது நிமிடத்துக்கு ஒட்டி. அதற்குப் பிறகு ஏறத்தாழ இருபத்திரண்டு நிமிடத்தில் சூரியன் தொடுவானுக்கு ஆறு பாகை கீழே போய்விடுகிறது. ஜெர்மனியில் இதே இறக்கத்துக்கு அரைமணிக்கும் மேல் ஆகும். வடநாடுகளில் எழுதப்பட்ட அந்திக் கருவி ஆலோசனைகள் நீண்ட அந்தியை மனத்தில் வைத்தவை. நம் பக்கம் இருட்டு பொத்தென்று விழுகிறது. 8×42க்கும் 7×50க்கும் வித்தியாசம் தெரியும் நேரம் ஒரு மாலையில் கால்மணிக்குக் கொஞ்சம் மேல்தான்.

பார்த்தவர்களில் ஒருவருக்கு இருபத்திரண்டு வயது, இன்னொருவர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர், அறுபதைத் தாண்டியவர். இந்த வயது வித்தியாசம் சோதனைக்கு மிகவும் உதவியது.

ஆறரை மணிக்கு அக்கரையில் மூன்று மிளாக்கள். நான்கிலும் தெரிந்தன. அதிகம் காட்டியது 10×42தான். பெண் மிளாவின் இடது காது மடலில் ஒரு கிழிசல் இருந்தது அதில்தான் முதலில் தெரிந்தது. வெளிச்சம் ஓரளவு இருக்கும்வரை பெரிதாக்கம் உதவுகிறது. இதற்காக வேட்டைக்காரர்கள் வைத்திருக்கும் அந்தி எண் என்பது, இரண்டு எண்களையும் பெருக்கி வர்க்கமூலம் எடுப்பது. 10×42க்கு 20.5, 7×50க்கு 18.7, 8×42க்கு 18.3, 10×25க்கு 15.8. ஆனால் அந்த எண் கண்ணாடியின் தரத்தையும் பார்ப்பவரின் கண்ணையும் கணக்கில் எடுப்பதில்லை. அதை மட்டும் நம்பிக் காசு கொடுக்கக்கூடாது.

ஆறு முப்பத்தைந்துக்குப் பாக்கெட் பைனாகுலர் கைவிட்டது. புல்வெளியில் நின்ற மிளா தெரிந்தது, மரநிழலுக்குள் போனது மறைந்தது. வெறுங்கண்ணுக்குக்கூட அதன் அசைவு தெரிந்துகொண்டிருந்த நேரம் அது.

ஆறு நாற்பதுக்குப் பிறகுதான் எதிர்பாராதது நடந்தது. இளைஞர் 7×50ஐக் கீழே வைக்க மறுத்தார். ஆசிரியர் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, “8×42லயும் இதே வெளிச்சம்தான் தெரியுது, அதுல உருவம் பெரிசாவும் இருக்கு” என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். இருவரும் உண்மையைத்தான் சொன்னார்கள். இருட்டில் இருபது வயதுக் கண்பாவை ஏழு மில்லிமீட்டர்வரை விரியும். ஐம்பதை எட்டும்போது பலருக்கு ஐந்து, எழுபதில் நான்குகூட இருக்கலாம். ஆளுக்கு ஆள் இதில் நிறைய மாறும். ஐந்து மில்லிமீட்டருக்கு மேல் விரியாத கண்ணில் 7×50இன் 7.1 மி.மீ. வட்டத்தின் ஓரம் கருவிழியில் பட்டு வீணாகிறது. ஐந்தை ஏழால் பெருக்கினால் முப்பத்தைந்து. அதாவது ஐம்பது மி.மீ. லென்ஸைத் தூக்கிக்கொண்டு முப்பத்தைந்து மி.மீ. வேலையை மட்டும் வாங்குகிறார். அதே கண்ணுக்கு 8×42இல் நாற்பது மி.மீ. வேலை செய்கிறது. குறைந்த எடையில் அதிக ஒளி, அதோடு பெரிய பிம்பம். இளைஞருக்கோ 7×50 தரும் பிரகாசம் 8×42ஐவிட ஒன்றேமுக்கால் மடங்கு. இத்தனை தெளிவாக, அடுத்தடுத்து நின்ற இருவரிடம் இது வெளிப்படும் என்று நாங்கள் நினைக்கவில்லை.

கண்பாவையை அளக்க மருத்துவரிடம் போக வேண்டியதில்லை. பட்டறையில் இருக்கும் ஆலன் கீ (அறுகோணத் திருகுசாவி) தொகுப்பு போதும். அரைமணி நேரம் இருட்டில் இருந்த பிறகு, ஒரு பிரகாசமான நட்சத்திரத்தை ஒரு கண்ணால் பார்த்து, 4 மி.மீ. சாவியின் தண்டைக் கண்ணுக்கு முன்னால், புருவத்திலும் கன்னத்திலும் அணைத்து, செங்குத்தாகப் பிடிக்க வேண்டும். முனை கண் பக்கம் திரும்பக்கூடாது. சாவியின் இருபுறமும் நட்சத்திர வெளிச்சம் தெரிந்தால் பாவை 4ஐவிடப் பெரிது. 5, 6, 7 என்று ஏற வேண்டும். எந்த அளவில் நட்சத்திரம் முழுக்க மறைகிறதோ அதுதான் கண்பாவையின் விட்டம். இதைத் தெரிந்துகொண்டு கடைக்குப் போகிறவர் சில ஆயிரம் ரூபாயையும் அரைக் கிலோ எடையையும் மிச்சப்படுத்துவார்.

ஆறு ஐம்பதுக்குக் காட்டுமாடுகள் இறங்கின. இந்த வெளிச்சத்தில் நிறத்தை நம்ப முடியாது. இருட்ட இருட்ட, நிறம் பார்க்கும் கூம்புச் செல்கள் ஓய்ந்து குச்சிச் செல்கள் வேலை செய்கின்றன. அவற்றுக்குச் சிவப்பும் பழுப்பும் கறுப்பாகத் தெரியும், நீலப்பச்சை மட்டும் சற்றுத் தூக்கலாகத் தெரியும். அதனால் காட்டுமாட்டின் உடல் புதரோடு கரைந்துபோனது. முழங்காலுக்குக் கீழே இருக்கும் வெள்ளை மட்டும் தனியாக நடந்து வந்தது. அந்தியில் அடையாளம் காண இப்படிப்பட்ட குறிகள்தான் கைகொடுக்கும்: காட்டுமாட்டுக்கு வெள்ளைக் கால், புள்ளிமானுக்கு வெளிர் வயிறு, மிளாவுக்கு அகலக் காதுகளின் அசைவு, பன்றிக்கு முதுகுக்கோட்டின் கூனல். எதையும் நேராக உற்றுப் பார்க்காமல் கொஞ்சம் பக்கவாட்டில் பார்வையை வைத்தால் அதிகம் தெரியும். விழித்திரையின் நடுமையத்தில் குச்சிச் செல்களே கிடையாது.

இந்த நேரத்தில் பரணில் ஒருவருடைய செல்போன் ஒளிர்ந்தது. வனக்காவலர் கையால் அதை மூடி, “ஒரு நிமிஷம்தானேன்னு நெனைப்பீங்க, கண்ணு திரும்ப வர அரைமணி ஆவும்” என்றார். அவர் அனுபவத்தில் சொன்னது அறிவியலுக்கும் ஒத்தது. குச்சிச் செல்கள் முழுக்கப் பழக முப்பது நாற்பது நிமிடம் பிடிக்கும், ஒரு வெள்ளை வெளிச்சம் அதைக் கலைத்துவிடும். குறிப்பெழுத மங்கலான சிவப்பு விளக்கு போதும்.

இன்னொன்று, இருட்டில் குவியம் நகர்கிறது. பாவை விரியும்போது ஆழத்தெளிவு குறையும், மங்கிய வெளிச்சத்தில் பலருடைய கண் சற்றுக் கிட்டப்பார்வைப் பக்கம் சாயும். பகலில் வைத்த குவியத்திலேயே பார்த்துக்கொண்டிருந்தால் கருவி மங்கல் என்று தோன்றும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை சக்கரத்தை லேசாகத் திருகிப் பார்க்க வேண்டும்.

ஏழு மணிக்கு எல்லாம் முடிந்தது. பக்கிக்குருவியின் சத்தம் ஒரு பக்கம், மரவீட்டிலிருந்து வெங்காயம் வதங்கும் வாசனை ஒரு பக்கம். இரவு சப்பாத்தியும் முட்டைக்கறியும்.

ஜனவரி 10, மறையூர்

காலையில் மறையூர். சின்னாரின் வறட்சிக்குப் பிறகு கரும்புத் தோட்டங்களின் பச்சை கண்ணைக் குளிர்வித்தது. சாலையோர ஆலைக்கொட்டகையில் பாகு கொதித்துக்கொண்டிருந்தது. மறையூர் வெல்லம் 2019இல் புவிசார் குறியீடு பெற்றது. கையால் உருட்டிய உருண்டைகள், பாகின் ஓரத்தில் விரலளவு எடுத்துத் தந்தால் நாக்கில் சுக்கும் ஏலமும் கலந்த சூடு. கிலோ 120 ரூபாய் என்றார்கள். ஒரு கிலோ கேட்டவருக்குக் கைப்பிடி கொசுறாக விழுந்தது. பேச்சு முழுவதும் தமிழ், காசு எண்ணும்போது மட்டும் மலையாளம்.

கொட்டகைக்குள் நுழைந்த அடுத்த நொடி எல்லா லென்ஸும் பனித்துவிட்டன. குளிர்ந்த கண்ணாடியை ஈரமான வெதுவெதுப்புக்குள் கொண்டுபோனால் இது தவிர்க்க முடியாதது. ஏசி போட்ட காரிலிருந்து சின்னார் வெக்கையில் இறங்கும்போதும் இதே கதை. நைட்ரஜன் நிரப்பிய கருவி என்றால் உள்ளே பனிக்காது, வெளிப்பரப்பு பனிக்கத்தான் செய்யும். துணியால் துடைத்துக்கொண்டே இருக்கக்கூடாது. பையை மூடியபடியே கால்மணி நேரம் விட்டால் கண்ணாடி வெளிச்சூட்டுக்கு வந்துவிடும். உள்ளே பனித்து, வெளியே துடைத்தும் போகவில்லையென்றால் முத்திரை போய்விட்டது என்று பொருள். அந்தக் கருவியை மலைக்கு எடுத்துவராமல் இருப்பதே நல்லது.

சின்னார்ப் புழுதிக்கும் ஒரு முறை உண்டு. முதலில் ரப்பர் ஊதுபந்தால் ஊத வேண்டும், பிறகு மெல்லிய தூரிகை, கடைசியில் ஈரம் தொட்ட மைக்ரோஃபைபர் துணியால் நடுவிலிருந்து வெளிப்பக்கமாக. வேட்டி நுனியும் சட்டை நுனியும் லென்ஸின் மேற்பூச்சுக்கு எமன்.

அந்தப் பூச்சில்தான் விலை வித்தியாசம் ஒளிந்திருக்கிறது. பூச்சில்லாத கண்ணாடிப் பரப்பு ஒவ்வொன்றும் நான்கு விழுக்காடு ஒளியைத் திருப்பி அனுப்பும். ஒரு குழாயில் பன்னிரண்டு பரப்புகள் என்று வைத்தால் கண்ணுக்கு வருவது நூறில் அறுபத்தொன்று. ஒற்றைப் பூச்சு பூசினால் எண்பதைத் தாண்டும். எல்லாப் பரப்பிலும் பல அடுக்குப் பூச்சு என்றால் தொண்ணூற்றைந்தை நெருங்கும். எதிரொளிப்பைக் குறைக்கும் பூச்சுக்கு ஜெர்மனியின் ட்சைஸ் (Zeiss) நிறுவனத்தின் அலெக்சாண்டர் ஸ்மகுலா 1935இல் காப்புரிமை பெற்றார். ரூஃப் வகையில் இன்னும் இரண்டு சிக்கல்கள் உண்டு. பெரும்பாலான ரூஃப் கருவிகளின் பட்டகத்தில் ஒரு பரப்புக்கு, முகம்பார்க்கும் கண்ணாடிபோல் ஒளியைத் திருப்பும் பூச்சு தேவை. அலுமினியம் என்றால் பத்து விழுக்காடு ஒளி அங்கேயே போகும், டைஎலக்ட்ரிக் எனும் மின்கடத்தாப் பொருளின் பல அடுக்குப் பூச்சு என்றால் ஒன்றுக்கும் குறைவு. அடுத்து, கூரைபோல் பிரிந்து சேரும் இரு கதிர்களின் ஒளியலைகளுக்கிடையே கட்ட (ஃபேஸ்) வேறுபாடு வந்து கூர்மை கெடும். அதைச் சரிசெய்யும் ஃபேஸ் பூச்சை ட்சைஸ் 1988இல் கொண்டுவந்தது. இந்த இரண்டும் இல்லாத ரூஃப் பைனாகுலரைவிட, அதே காசுக்குக் கிடைக்கும் போரோ அந்தியில் நிச்சயம் மேல். போரோ வடிவத்துக்கு இந்தச் சிக்கல் எதுவும் கிடையாது. பட்டகத்துக்குள் ஒளி முழு அகப் பிரதிபலிப்பால் திரும்புகிறது. குறைந்த பணத்தில் அந்தியில் பார்க்க விரும்புபவர்கள் இதை முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். பெட்டியில் ‘கோட்டட்’ என்று மட்டும் போட்டிருந்தால் ஏதோ ஒரு பரப்பில் ஒரு பூச்சு என்றுதான் பொருள். ‘ஃபுல்லி மல்ட்டி கோட்டட்’ என்று இருக்க வேண்டும்.

மதியம் சந்தனக்காட்டுப் பக்கம் ஒரு வீட்டுச் சாப்பாட்டுக்கடை. கப்பையும் மத்திக்கறியும் 90 ரூபாய். தண்ணீர் வெந்நீராகவே வந்தது, பதிமுகக்கட்டை போட்ட இளஞ்சிவப்பில்.

மாலையில் கற்திட்டைகள் இருக்கும் பாறைமேட்டிலிருந்து பார்த்தோம். இங்கே பார்வை மேற்கு நோக்கி. சரிவு இருட்டு, மேலே வானம் பளீர். நேற்றைய முடிவுகள் எல்லாம் இங்கே மாறின. குழாயின் உட்சுவரில் கறுப்புப் பூச்சும் வளையங்களும் சரியாக இல்லாத கருவிக்குள் வானவெளிச்சம் சிதறி, இருட்டுச் சரிவின்மேல் வெள்ளைத் திரை போட்டுவிடும். 7×50இன் பரந்த வட்டம் இதில் ஒன்றும் செய்ய முடியவில்லை, 8×42 நிழலுக்குள் இருந்ததைத் தெளிவாகக் காட்டியது. முன்லென்ஸுக்கு மேல் தொப்பி விளிம்பை நீட்டிப் பிடித்ததும் 7×50 பாதி தேறியது. இடத்தைத் தேர்ந்துகொள்ள வாய்ப்பிருந்தால், மறையும் சூரியனுக்கு முதுகைக் காட்டி உட்காருவது எந்தப் பூச்சையும்விட மலிவான உதவி.

ஜனவரி 11, காந்தளூர்

மறையூரிலிருந்து காந்தளூர் போகும் ஜீப்பில் ஆளுக்கு 60 ரூபாய். இருவர் இருக்கையில் நால்வர். ஒரு வளைவில் பின்னால் அடுக்கியிருந்த பூண்டு மூட்டை சரிந்து பையின்மேல் விழுந்தது. இறங்கிப் பார்த்தபோது 7×50இல் எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிந்தன. போரோ வகையின் பலவீனம் இதுதான், பட்டகங்கள் அடிபட்டால் எளிதில் நகர்ந்துவிடும். ஓட்டுநர் அண்ணன் மிகவும் வருந்தி, கூலி வாங்க மறுத்து, கடைசியில் பாதி மட்டும் வாங்கிக்கொண்டார்.

நகர்ந்திருப்பதை உறுதிசெய்யத் தொலைவில் உள்ள மின்கம்பியைப் பார்க்க வேண்டும். இரு கண்ணாலும் பார்த்து, பைனாகுலரை மெதுவாகக் கண்ணிலிருந்து ஒரு சாண் பின்னுக்கு இழுத்தால், இடது வட்டத்திலும் வலது வட்டத்திலும் கம்பி ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். ஒன்று மேலே ஒன்று கீழே என்றால் இணைப்பு போய்விட்டது. சிறிய விலகலைக் கண் தானாகச் சேர்த்துக்கொள்ளும், விலை பத்து நிமிடத்தில் தலைவலி. ரப்பர்த் தோலுக்கு அடியில் திருத்தத் திருகுகள் இருக்கும். சரிபார்க்கும் கருவி இல்லாமல் அவற்றைத் தொட்டால் இன்னும் கெடும். பழுதுபார்ப்பவரிடம் கொடுப்பதே வழி. அதுவரை ஒரு குழாயை மூடி ஒற்றைக்கண்ணாகப் பயன்படுத்தினோம்.

காந்தளூரில் நல்ல குளிர். பிற்பகலிலேயே மூடுபனி படிக்கட்டு வயல்களில் ஏறிவிட்டது. மூடுபனியில் எந்தக் கருவிக்கும் பெரிதாகச் செய்ய ஒன்றுமில்லை. இடையில் இருக்கும் நீர்த்துளிகள் சிதறடிக்கும் ஒளியையும் சேர்த்தே லென்ஸ் பெரிதாக்குகிறது. பெரிதாக்கம் கூடக்கூட வெளிச்சத்துக்கும் நிழலுக்குமான மாறுபாடு குறைந்ததாகத் தோன்றும், 10×42 இங்கே கடைசி இடத்துக்குப் போனது. கைநடுக்கமும் குளிரில் கூடும். முழங்கையை முழங்காலில் ஊன்றி, அல்லது வேலிக்கல்லின்மேல் துண்டை மடித்துவைத்து அதில் சாய்த்துப் பார்த்தபோது 10×42 ஓரளவு மீண்டது.

தங்கிய வீட்டின் உரிமையாளர் பூண்டும் கேரட்டும் போடுபவர். காட்டுப்பன்றி இரவில் கேரட் பாத்தியை உழுதுவிட்டுப் போகிறது. பயிரை அழிக்கும் பன்றியைச் சுட அனுமதி தரும் அதிகாரத்தைக் கேரள அரசு 2022இல் உள்ளாட்சித் தலைவர்களிடம் கொடுத்தது. உரிமத் துப்பாக்கி வைத்திருப்பவர்தான் சுட முடியும், சரணாலயத்துக்குள் இது செல்லாது. அவரிடம் துப்பாக்கி இல்லை. தகரம் தட்டுவதும் பட்டாசும்தான். எந்தப் பாத்திக்கு எப்போது வருகிறது என்று தெரிந்தால் போதும் என்றார்.

“இதுல எது வாங்குனா எனக்குச் சரிப்படும், சொல்லுங்க சார். ராத்திரி பத்து மணிக்கு நெலா வெளிச்சத்துல பாக்கணும். வயசு அம்பத்தெட்டு.”

வீட்டுத் திண்ணையிலிருந்து கீழ்ப்பாத்தி இருநூறு மீட்டர். உட்கார்ந்தே பார்ப்பார், சுமக்க வேண்டியதில்லை, திண்ணைக்கல் இருக்கிறது. ஆலன் கீயால் அளந்ததில் ஐந்தாம் சாவியில் நட்சத்திரம் மறைந்தது. எங்களிடம் இருந்த எதுவும் அவருக்குச் சிறந்ததல்ல. 10×50 போரோ, ஒளிவட்டம் சரியாக 5 மி.மீ., அவர் கண்ணில் ஒரு துளியும் வீணாகாது. பத்து மடங்குப் பெரிதாக்கத்தின் நடுக்கத்தைத் திண்ணைக்கல் பார்த்துக்கொள்ளும். எடை அவருக்குப் பொருட்டல்ல. நடந்தே திரிபவருக்கு இதே வயதில் 8×42தான் சொல்லியிருப்போம். முப்பது வயதுக்குக் கீழே இருந்து, உட்கார்ந்து பார்ப்பவராக இருந்தால் 7×50 அல்லது 8×56.

வாங்கும்போது ஒன்று செய்யச் சொன்னோம். மலிவான கருவிகளில் 50 என்று எழுதியிருக்கும், உள்ளே வளையம் வைத்துச் சுருக்கியிருப்பார்கள். கண்லென்ஸ் பக்கம் ஓரடி தள்ளி டார்ச்சை அடித்து, முன்லென்ஸுக்கு எதிரே ஒரு தாளைப் பிடித்தால், தாளில் விழும் வட்டத்தின் விட்டம்தான் உண்மையான லென்ஸ் அளவு. கடையிலேயே ஸ்கேல் வைத்து அளக்கலாம். நாற்பதுதான் வருகிறதென்றால் காசைப் பையிலேயே வைத்துக்கொண்டு வெளியே வந்துவிட வேண்டும். அவர் தன் பேத்தியின் நோட்டுப் பின்னட்டையில் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார்.

இரவு ராகிக் களியும் கோழிக்குழம்பும், கூட மலைப்பூண்டு ஊறுகாய். காசு பேசியபோது, “கண்ணாடி வெவரம் சொன்னதுக்குச் சாப்பாட்டுக் கணக்கு வேண்டாம்” என்றார் வீட்டம்மா. வற்புறுத்தி அறை வாடகையோடு சேர்த்துத்தான் கொடுக்க முடிந்தது.

ஜனவரி 12, திரும்பும் வழி

விடியும்போது ஜன்னல் கம்பியில் நீர் சொட்டிக்கொண்டிருந்தது. இந்த ஈரம்தான் லென்ஸில் பூஞ்சை பிடிக்க வைப்பது. தோல் உறையும் துணிப்பையும் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், மலையிலிருந்து வந்ததும் கருவியை அதில் மூடி அலமாரியில் வைக்கக்கூடாது. வெயில் நேராகப் படாத காற்றோட்டத்தில் ஒருநாள் வைத்து, பிறகு ரப்பர் விளிம்புள்ள இறுக்கமான டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வைக்க வேண்டும். நூறு கிராம் போதும். நீலமாக இருக்கும் ஜெல் இளஞ்சிவப்பானால் அடிகனமான சட்டியில் சிறுதீயில் வறுத்தால் மறுபடி நீலமாகும். அந்தச் சட்டியைச் சமையலுக்கு எடுக்கக்கூடாது. இருநூறு முந்நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஈரமானியை டப்பாவுக்குள் ஒட்டி, நாற்பதிலிருந்து ஐம்பது விழுக்காட்டுக்குள் வைத்திருந்தால் பூஞ்சை வராது. லென்ஸின் ஓரத்தில் சிலந்தி வலைபோல் மெல்லிய கோடுகள் தெரிந்தால் தொடங்கிவிட்டது என்று பொருள். அந்தக் கட்டத்திலேயே பழுதுபார்ப்பவரிடம் கொடுத்தால் சுத்தம் செய்துவிடலாம், விட்டுவிட்டால் பூச்சையே அரித்துவிடும். 7×50ஐ இணைப்புச் சரிசெய்யக் கொடுக்கும்போது இதையும் பார்க்கச் சொல்லியிருக்கிறோம்.